நாடி கிடைக்கவில்லை

என் மனைவி கோகிலவாணி விஜயதசமியன்று மதியம் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது இறந்துபோனாள். செய்தி என் போனுக்கு வந்தது. தங்கள் துணைவியாரின் நாடி கிடைக்கவில்லை, மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி, கீழே ஒரு குத்துவிளக்குப் படம் போட்டிருந்தார்கள். சுடர் அசைந்து அசைந்து எரிந்தது. நான் சமையலறைக்கு ஓடிப்போய் அவளிடம் காட்டினேன். அவள் கிரைண்டரை நிறுத்தாமலேயே படித்துவிட்டு, மாவில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்போது நாடித் திட்டம் எங்கள் பக்கம் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. செத்துப்போனவர்கள் பென்ஷன் வாங்குகிறார்கள், ரேஷனில் சர்க்கரை வாங்குகிறார்கள், தேர்தல் நாளில் மட்டும் எழுந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ரொம்ப காலமாகப் புகார். அதற்கு மருந்தாக வந்ததுதான் இது. போன், கைக்கடிகாரம், லேப்டாப் என்று நம் பெயரில் இருக்கும் எல்லாக் கருவியிலும் ஒரு சில்லு இருக்கும். அது வைஃபை வழியாக, இந்த ஆள் இருக்கிறார், இந்த ஆள் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு முழு நாள் எந்தக் கருவியும் அப்படிச் சொல்லவில்லை என்றால் ஆள் இல்லை. அதற்கப்புறம் அந்தக் கருவியை எழுப்பினாலும் அதன் சொல் செல்லாது. வங்கியில் தொடங்கி ஆஸ்பத்திரி, பஸ், கடைவாசல் கதவு வரைக்கும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் திறக்கின்றன.

இதை வடிவமைத்தவர்கள் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு கோடிக்கணக்கானவர்களின் பழக்கத்தை ஆராய்ந்தார்களாம். உயிருள்ள எந்த மனிதனும் ஒரு நாள் முழுக்கப் போனைத் தொடாமல் இருந்ததே இல்லை என்று கண்டுபிடித்தார்களாம். கணக்கு சரிதான். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை நடத்தும் சென்னியப்பன் அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

கோகிலா அவர் பட்டறையில் பம்ப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவள். சென்னியப்பன் ஐயாவுக்கு ஆயுத பூஜை என்றால் ஆயுத பூஜைதான். மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பொரியைக் கொறித்துக்கொண்டே போனைப் பார்க்கிற ரகம் அல்ல அவர். ஸ்பேனர் முதல் ஆட்களின் போன், கைக்கடிகாரம், லேப்டாப் வரை எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழை இலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். பிறகு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். வருஷம் பூராவும் உழைக்கும் கருவிக்கு ஒரு நாள் ஓய்வு, அதை அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்த வருடம், மறுநாள் கருவிகளைத் திரும்ப எடுக்கும் மறுபூஜைக்கு அவர் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வந்தார். பக்கத்துக் கடையில் மணி கேட்டால் ராகு காலம் தொடங்கியிருந்தது. அது கழியட்டும் என்று வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ராகு காலத்துக்குள் பட்டறை மொத்தமும் பூண்டோடு இறந்துபோனது.

நான் பிழைத்ததற்குக் காரணம் பேராசை. எனக்கு சரவணம்பட்டிப் போகும் ரோட்டில் ஒரு பேக்கரி. வீடு அதற்கு மேல்மாடியில். பூஜையன்று கடையைச் சாத்து என்று கோகிலா சொல்லியும் கேட்காமல், ஸ்வீட் பாக்ஸ் ஓடுகிற நாளாயிற்றே என்று ராத்திரி வரை பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் என்னைப்போல் சாமியை ஏமாற்றியவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தார்கள். பக்தியாக இருந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதிலும் வாணி என்று சரஸ்வதியின் பெயரையே வைத்துக்கொண்டிருப்பவளைச் சரஸ்வதி பூஜை கொண்டுபோனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை ஞாபகம் வருகிற வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

திங்கட்கிழமை எங்களுக்குக் குழந்தை கொடுப்பதாக இருந்தார்கள்.

கல்யாணமாகிப் பல வருடம் ஆஸ்பத்திரிகளுக்கு நடந்து, அப்புறம் தத்தெடுக்கும் வரிசையில் பெயர் கொடுத்து, அங்கேயும் வருடக்கணக்கில் காத்து, அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் முறை வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் மலர்க்கூடம் என்று ஓர் இல்லம். அங்கே ஒரு பெண் குழந்தை. நான்கைந்து மாதம் இருக்கும். நாங்கள் பார்க்கப் போனபோது அது கோகிலாவின் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றிலிருந்து அவள் அந்த ஊக்கைக் கழற்றவில்லை. மாடியில் தொட்டில் கட்டியாயிற்று. கொசுவலைகூட வாங்கியாயிற்று.

குத்துவிளக்கு வந்த சற்று நேரத்தில் இரண்டாவது செய்தியும் வந்தது. துணைவியை இழந்த தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர விதி இல்லை, ஆகவே ஒதுக்கீடு நிறுத்திவைக்கப்படுகிறது, திங்கட்கிழமைக்குள் தம்பதியர் இருவரும் உயிருடன் இருந்தால் தெரிவிக்கவும் என்று இருந்தது. இதைப் படித்த பிறகுதான் கோகிலா கிரைண்டரை நிறுத்தினாள்.

இரங்கல் செய்தி எனக்கு மட்டுமா வந்தது? சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போயிருந்தது. சாயங்காலம் அன்னூரிலிருந்து என் பெரியம்மா மாலையோடு வந்து இறங்கினாள். கோகிலாவே கதவைத் திறந்து, வாங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பெரியம்மா அதை வாங்கிக் குடித்தாள். வடையும் தின்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போனில் வந்திருப்பதால் எதற்கும் ஒரு காரியம் பண்ணிவிடுவது நல்லது என்றாள். அவளுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறதாம், கொஞ்சம் வயதுதான் கூட, ஆனால் குணம் தங்கமாம். கோகிலா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அடுத்து வந்த காப்பியில் தெரிந்தது. சர்க்கரையே இல்லை.

மறுநாள் இருவரும் நாடி சேவை மையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு எனக்குத் திறந்தது. எனக்குப் பின்னால் வந்த அவளுக்கு மூடிக்கொண்டது. நான் உள்ளே, அவள் வெளியே. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்ற நிற்பைப் பார்த்ததும் நான் மேலே நடக்காமல் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே இருந்த பானு என்ற பெண் நல்லவள். எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் எங்களோடு உட்கார்ந்து பேசினாள். காலையிலிருந்து பட்டறைக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம். சென்னியப்பன் ஐயா மட்டும், சரஸ்வதி சன்னிதியில் போன உயிர் திரும்ப எதற்கு என்று சொல்லிவிட்டாராம். வரி நோட்டீஸ் எல்லாம் நின்றுபோனதில் அவருக்கு நிம்மதி என்று பிறகு தெரிந்தது.

"செத்ததுக்கு மனு போடலாமுங்க. ஆனா மனு போடறதுக்கு மனுதாரரோட நாடி வேணும்" என்றாள் பானு.

"நாடி இல்லைன்னுதானே அம்மிணி மனுவே?"

"அது எனக்குப் புரியுதுங்கண்ணா. மெஷினுக்குப் புரியலீங்க. எங்க தலைமை அலுவலகத்துல இன்னிக்கு அறிக்கையே விட்டுட்டாங்க. திட்டம் நூத்துக்கு நூறு சரியா நடக்குது, இறந்ததா அறிவிச்ச ஒருத்தரும் இதுவரைக்கும் புகார் குடுக்கலைன்னு."

கோகிலா பானுவின் பக்கம் திரும்பினாள். இந்த வலைக்குள் நுழைய நாடிச் சில்லு இல்லாமல் வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். பானு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு என்று ஒரு பின்வாசல் விட்டிருப்பதாகச் சொன்னாள். சில்லு வருவதற்கு முந்தைய மெஷின்கள் எங்கேயோ நிறைய ஓடுகின்றனவாம், அவற்றைத் தூக்கிப்போட முடியாமல் வைத்திருக்கிறார்களாம். அதில் கையால் எழுதி வைஃபையை இணைத்து, விரலைக் கேமராவில் வைத்தால் அதுவே நாடியைப் பிடித்து அனுப்பிவிடும்.

"அந்த வாசல் யாருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அதுல போற நாடியை இதுவரைக்கும் திருப்பி அனுப்பினதில்லை."

கோகிலாவிடம் அப்படி ஒரு லேப்டாப் இருந்தது. படித்த காலத்தில் வாங்கியது. பட்டறையில் சேர்ந்த புதிதில் அதில்தான் வரைந்தாள். அப்புறம் புது லேப்டாப் கொடுத்ததும் இது பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. பல தடவை பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்குச் சில்லு கிடையாது, அதனால் நாடியும் கிடையாது, ஆகவே அது இறக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் என்னைத் தவிர உயிரோடிருந்த ஒரே ஜீவன் அதுதான்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் அதை வைத்து உட்கார்ந்தாள். திறந்ததும் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. வைஃபை என்ற ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு கோப்பு இல்லையாம், அது இருந்தால்தான் உள்ளே இருக்கும் வைஃபை அட்டை கண்ணை விழிக்குமாம். சரி, அந்தக் கோப்பை எங்கே வாங்குவது? நெட்டில் இறக்க வேண்டும். நெட் எப்படி வரும்? வைஃபையில்தான் வரும். மனு போடுவதற்கு நாடி கேட்ட அதே ஆட்கள்தான் இதையும் எழுதியிருக்க வேண்டும் என்றேன். கோகிலாவுக்குக் கோபம் வந்தது. இது அப்படி இல்லையாம். இது வழி கேட்டால் வழி சொல்கிற மெஷினாம், நமக்குத்தான் கேட்கத் தெரிய வேண்டுமாம். என் போனை ஒயரில் மாட்டி அதிலிருந்து நெட்டை எடுத்துக் கோப்பை இறக்கினாள்.

ஒயரில் வருகிறதே, அதிலேயே விரலை வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஒயரு உங்க போனோடது மாமா. அதுல போனா உங்க நாடின்னுதான் எடுத்துக்கும். காத்துல தனியாப் போனாத்தான் நான் தனி ஆளு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பேசிய ரொம்ப நல்ல வாக்கியம் அது என்று நினைக்கிறேன். அவள் அதை மெஷினைப் பற்றித்தான் சொன்னாள்.

கோப்பு வந்தது, அட்டையும் விழித்தது. ஆனால் பூட்டியிருக்கிறது என்றது. கோகிலா என்னென்னவோ கட்டளை போட்டுப் பார்த்தாள். பூட்டியிருக்கிறது, பூட்டியிருக்கிறது என்று அதையே சொன்னது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. கீழே கடையில் இருந்து பப்ஸ் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. கடைசியில் அவள் லேப்டாப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். ஓரத்தில் வைஃபையைத் திறக்கவும் மூடவும் நகத்தால் தள்ளுகிற ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. இருந்தது என்றால், இருக்க வேண்டிய இடம் தெரிந்தது. அதன்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

சந்தனம். என்றைக்கோ பட்டறையில் நடந்த ஒரு பூஜையில் சென்னியப்பன் ஐயா தம் கையாலேயே வைத்தது. அந்த மனிதர் வைத்தால் பட்டும் படாமலும் வைக்க மாட்டார். சுவிட்ச் மூடிய நிலையிலேயே சமாதியாகியிருந்தது. கோகிலா வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றி, அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமையோடு அதைச் சுரண்டினாள். கடைசியில் சுவிட்ச் நகர்ந்தது, ஊக்கும் வளையலுக்குத் திரும்பியது.

திரையில் அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மருதாசலம் துணை என்று ஒன்று, ஓசி கேட்காதே என்று ஒன்று, மூன்றாம் மாடிக்கு மட்டும் என்று ஒன்று. எங்கள் பேக்கரியுடையதற்கு டீ குடித்தால் மட்டும் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அதையும் அதன் சாவியையும் ஒரு கோப்பில் கையால் எழுதினாள். முதல் தடவை சாவி தவறு என்றது. நான்தான் ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லியிருந்தேன். இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. விரலைக் கேமராவின்மேல் வைக்கச் சொன்னது. அவள் வைத்தாள். திரையில் ஒரு கோடு எழுந்து எழுந்து விழுந்தது. அவள் நாடி. இரண்டு நாளாக நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பது அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

பெயர் கேட்டது, கொடுத்தாள். ஆணா பெண்ணா என்றது, சொன்னாள். எடை என்ன என்றது. எடை எதற்கு என்று முகம் சுளித்தவள், அறுபத்திரண்டு என்று போட்டாள். மிக அதிகம், சரிபார்க்கவும் என்றது. எனக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்து முறைத்தாள். நடுவில் ஒரு புள்ளி வைத்து ஆறு புள்ளி இரண்டு என்று போட்டதும் எடுத்துக்கொண்டது. எழுதியவர்களுக்கு விவரம் பத்தாது என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் ஆறிப்போன பப்ஸைக் கையில் எடுத்தாள்.

என் போன் மணியடித்தது. குத்துவிளக்கு இல்லை, இந்தத் தடவை ஆடுகிற தொட்டில்.

"திரு. மௌனசாமி அவர்களுக்கு வாழ்த்துகள். உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது. பெயர் கோகிலவாணி. எடை 6.2 கிலோ. எடை மிகுதி, மருத்துவரை அணுகவும். பிரசவத்தில் தாயை இழந்தமைக்கு மீண்டும் ஆழ்ந்த இரங்கல்."

பானுவைக் கூப்பிட்டேன். அவள் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டபோது குரலே சரியில்லை. அந்தப் பின்வாசல் பிரசவ வார்டுகளுக்காக விட்டதாம். ஊரூராக ஆஸ்பத்திரிகளில் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர்கள்தானாம். அந்த வழியாக வருகிற எந்த நாடியையும் இப்போதுதான் பிறந்தது என்று எடுத்துக்கொள்ளுமாம். வார்டில் அப்பாவின் போன் வைஃபையில்தான் இணைப்பார்களாம், ஆகவே வைஃபை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அப்பா. அதே முகவரியில் ஒரு பெண் வியாழக்கிழமை இறந்திருக்கிறாள், சனிக்கிழமை ஒரு குழந்தை வந்திருக்கிறது. மெஷின் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

"அப்ப நான் என்ன அம்மிணி?" என்று கோகிலா கேட்டாள்.

"நீங்க உயிரோட இருக்கீங்கக்கா. கைக்குழந்தையா. பதினெட்டு வயசானா ஓட்டுப் போடலாம். தடுப்பூசிக்கு மட்டும் தவறாமப் போயிருங்க, இல்லாட்டி நோட்டீஸ் வரும்."

பானு அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. சொந்தக் குழந்தை பிறந்துவிட்டதால் தத்தெடுக்கும் வரிசையில் இருந்து என் பெயர் நீக்கப்படுகிறதாம். கோகிலா அதைப் படித்துவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். எழுந்து தொட்டில் இருந்த அறைக்குப் போனாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, கேட்டேன். தன் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் தானே போய்ப் பிறந்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை போகவே வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம், நாம் வராமல் போனதாக அது நினைக்கக் கூடாது என்றாள். அது எப்படி நினைக்கும் என்று நான் கேட்கவில்லை. அங்கே யாராவது கேட்டால் காட்டலாம் என்று லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டாள். பஸ் அவளுக்குக் கதவு திறக்காது என்பதால் ஸ்கூட்டரில் போனோம்.

மலர்க்கூடத்தில் இழவு விழுந்தமாதிரி இருந்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பனியன் கம்பெனிக்காரரும் அவர் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் திலகவதி அம்மா எங்களைக் கண்டதும் கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாப் பிள்ளைகளும் போயிருச்சு கண்ணு" என்றார்.

உள்ளே இருந்து பிள்ளைகள் வீறிட்டு அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோகிலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பூஜையா என்று மட்டும் கேட்டாள். திலகவதி அம்மா தலையாட்டினார். கைக்குழந்தைகளுக்குப் போன் கிடையாது, ஆகவே நாடிக்கென்று ஆளுக்கு ஒரு ரப்பர் வளையல் மாட்டியிருப்பார்கள். பூஜையன்று அதை எல்லாம் கழற்றி, துடைத்து, அணைத்து, பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் வைத்திருக்கிறார். மறுநாள் நெருப்புக் காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்து சேர, அந்த அலைச்சலில் எடுத்து மாட்ட மறந்துபோயிருக்கிறார்.

"இதுகளுக்குன்னு இந்த உலகத்துல இருக்கற ஒரே பொருள் அந்த வளையல்தானே கண்ணு. அதுக்கும் ஒரு பொட்டு வெக்கலாம்னு ஆசைப்பட்டேன்."

செத்த குழந்தைகளுக்கு ஒதுக்கீடு கிடையாது. வரிசையில் இருந்த எல்லாருக்கும் இரங்கல் போயிருந்தது. எங்கள் ஒதுக்கீடு ஏற்கெனவே நின்றிருந்ததால் எங்களுக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் கோகிலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். பனியன் கம்பெனிக்காரரிடம், உங்கள் போனில் வைஃபையை மற்றவர்கள் பிடிக்கிறமாதிரி திறந்துவிடுங்கள் என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்தார். போனின் பெயரையும் சாவியையும் கேட்டு எழுதினாள். திலகவதி அம்மா அவர்களுடைய குழந்தையைத் தூக்கிவந்தார். கோகிலா அதன் கட்டைவிரலைக் கேமராவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கோடு எழுந்து எழுந்து விழுந்தது. பெயர் என்ன வைக்கிறீர்கள் என்றாள். எடையைத் தட்டினாள். அந்த மனிதரின் போனில் தொட்டில் ஆடியது.

அவர் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, படிக்கவே தெரியாதவள்போலத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தாய் நலம் என்றுகூடப் போட்டிருந்தார்கள்.

திலகவதி அம்மாவுக்கு ஒரு தயக்கம். வயிற்றில் பிறந்ததாக எழுதுகிறதே, இது பொய் இல்லையா என்றார்.

"என்னைச் செத்தவள்னு எழுதினது மட்டும் நெசமுங்களா?" என்றாள் கோகிலா. பிறகு கொஞ்சம் யோசித்து, பனியன் கம்பெனிக்காரர் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா ஒண்ணு அக்கா. இவன் எங்கிருந்து வந்தான்னு இனிமே எந்த மெஷினுக்கும் தெரியாது. பெரியவனானா நீங்கதான் சொல்லோணும். மறைக்கக் கூடாது."

அந்த அம்மாள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, சொல்வேன் என்று தலையாட்டினாள்.

செய்தி எப்படியோ பரவி மற்ற தம்பதிகளும் வரத் தொடங்கினார்கள். எங்கள் குழந்தையைத் திலகவதி அம்மா என் கையில் கொடுத்தார். கோகிலா என் போனின் வைஃபையைப் பிடித்து முயன்றாள். மெஷின் மறுத்துவிட்டது. இந்த முகவரியில் தாய் உயிருடன் இல்லை, இன்னொரு பிறப்புக்கு வழியில்லை என்றது. எனக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள், ஆறு புள்ளி இரண்டு கிலோ. அத்தோடு சரி.

கோகிலா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வயது வரை குழந்தைகளின் நாடி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஏற்கெனவே இருக்கும் பதிவில் புதிதாக ஒரு விரலை வைத்தால் பழைய நாடியை அழித்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளும் என்று கீழே எழுதியிருந்தது. அவள் அதைப் படித்ததை நானும் பார்த்தேன்.

"வேண்டாம் கோகிலா" என்றேன். "குழந்தையாவாவது நீ இருக்கறே. இதையும் குடுத்துட்டா ஒண்ணுமே இல்லை."

"பதினெட்டு வருசம் ஊசி போட்டுக்கிட்டு நான் வளர்ந்து என்ன பண்றது மாமா? இவ வளரட்டும்."

திலகவதி அம்மா குழந்தையை எடைக் கருவியில் வைத்தார். ஆறு கிலோவும் கொஞ்சமும் காட்டியது. கோகிலா அதைப் பார்த்துச் சிரித்தாள், நான்கு நாளில் முதல்முறையாக. குழந்தையை மடியில் எடுத்து, அது மறுபடியும் வளையல் ஊக்கைப் பிடித்துக்கொண்ட கையை மெதுவாகப் பிரித்து, அந்த விரலைக் கேமராவில் வைத்தாள். கோடு ஒரு கணம் படுத்தது. பிறகு முன்பைவிட வேகமாக எழுந்து எழுந்து விழத் தொடங்கியது. அவ்வளவுதான். கோகிலவாணி உயிரோடு இருந்தாள், என் மனைவி இல்லை.

அன்று சாயங்காலம் வரை அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளையும் பிறக்கவைத்தாள். ஒவ்வொரு அப்பாவின் போனுக்கும் புதிதாக ஒரு கோப்பு, புதிதாக ஒரு சாவி. மறதிக்கார அப்பாக்களைத் திட்டினாள். ஒருவர் போன் எவ்வளவு முயன்றும் பிடிக்கவில்லை. பார்த்தால் அதன் பக்கவாட்டிலும் சந்தனம்.

இப்போது பாப்பாவுக்கு ஐந்து வயது. பட்டறைக்காரர்களை எல்லாம் ஒரு வருடம் கழித்து, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி மொத்தமாக உயிர்ப்பித்தார்கள். சென்னியப்பன் ஐயாவுக்கு வரி நோட்டீஸ் திரும்பவும் வருகிறது. கோகிலாவை மட்டும் முடியவில்லை. அவளுடையது கோளாறில் போன உயிர் அல்ல, பிரசவத்தில் போன உயிர், ஆதாரமாகக் குழந்தையே இருக்கிறது என்றார்கள். ஐயா அவளைப் பட்டறையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். சம்பளம் என் பெயரில் வருகிறது. வருடா வருடம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் எனக்கு ஒரு குத்துவிளக்கு வருகிறது. பெரியம்மா அன்றைக்கு விரதம் இருக்கிறாள், கோகிலா கையால் வடை சாப்பிட்டு அதை முடித்துக்கொள்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, தாய் இல்லாத பிள்ளை என்று தலைமையாசிரியை பாப்பாவின் தலையைத் தடவினார். பாப்பா நிமிர்ந்து பார்த்து, "அம்மா வெளிய நிக்கறாங்க மிஸ், கதவு தொறக்க மாட்டீங்குது" என்றாள். பிறகு தானே ஓடிப்போய்க் கூட்டிவந்தாள்.

அதுதான் இப்போது எங்கள் வழக்கம். கடையோ ஆஸ்பத்திரியோ பஸ்ஸோ, கதவில் வணக்கம் கோகிலவாணி என்று ஒரு குரல் வரும். பாப்பா வணக்கம் சொல்லுவாள். குழந்தையின் கையைப் பிடித்து வருகிறவரைக் கதவு தடுப்பதில்லை. இரண்டு பேர் உள்ளே போவார்கள். கோபம் வந்தால் கையை விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே ஓடிவிடுவாள். ஒரு தடவை அப்படி ஜவுளிக்கடையில் விட்டுவிட்டு ஓடி, கண்ணாடிக்கு வெளியே அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டாள். நான் அன்றைக்குச் சேவை மையத்தில் பார்த்த அதே நிற்பு. அதற்கப்புறம் அவள் அந்த விளையாட்டை விளையாடவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கதவு வந்தாலும் பாப்பா தானாகவே நின்று, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள்.